காரின் ஸ்டீயரிங் ஓசைகள்: தோற்றமும் பழுதறிதலும்

காரின் ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பும்போது எழும் கிறீச்சொலி, தட்டொலி, முனகல், உரசல் ஆகியவை பொதுவாக ஸ்டீயரிங் ஓசை எனப்படுகின்றன. நூல்களில் இச்சக்கரத்தைத் திசைமாற்றி என்றும் சுக்கான் என்றும் எழுதுவதுண்டு. பட்டறைகளில் ஸ்டீயரிங் என்றே சொல்வதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது. ஒவ்வோர் ஓசையும் ஏதாவதோர் உறுப்பிலிருந்து பிறக்கிறது. அந்த உறுப்போ, அதற்கு முந்தைய வண்டிகளில் இருந்த ஓர் இடரைத் தீர்ப்பதற்காக வந்தது. உறுப்புகள் வந்து சேர்ந்த வரிசை தெரிந்தவருக்கு, எந்த ஓசையைச் சில நாள் பொறுக்கலாம், எந்த ஓசை கேட்டால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்த வேண்டும் என்பதும் எளிதில் விளங்கும்.

திரும்ப மறுத்த வண்டி

நம் கோயில் தேர் தேரோடும் வீதியின் முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படைச் சிக்கல் தெரியும். தேரின் அச்சுகள் நிலையானவை. எனவே சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, வடம் பிடித்து, சறுக்கித்தான் அதைத் திருப்ப வேண்டும். ஐரோப்பாவின் நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணியில் மாட்டிச் சுழல விட்டார்கள். இதில் வண்டி திரும்பியது. ஆனால் கூர்மையான வளைவில் முன்சக்கரம் வண்டியின் அடிக்குள் போய்விடும். தாங்கும் அகலம் குறைந்து வண்டி கவிழும்.

மியூனிக் நகரில் வண்டி கட்டுபவராக இருந்த ஜார்ஜ் லாங்கன்ஸ்பெர்கர் 1816-இல் இதற்கு ஒரு வழி கண்டார். அச்சு அசையாது, அதன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் மட்டும் தனித்தனி முளைகளில் திரும்பும். அவற்றை ஒரு தண்டு இணைக்கும். இங்கிலாந்தில் இதற்கான காப்புரிமையை 1818-இல் பெற்றவர், லண்டனில் நூல்களும் ஓவியப் படிகளும் விற்றுவந்த ருடால்ஃப் ஆக்கர்மான். கண்டவர் ஒருவர், பதிவு செய்தவர் வேறொருவர். இன்றளவும் பாடநூல்களில் நிற்பது ஆக்கர்மான் பெயர்தான். வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுவதால், உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும் என்பதே அதன் சாரம். இந்தக் கணக்கு தவறினால் டயர் உருளாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். வழவழப்பான சிமெண்டுத் தரையில் கார் மெதுவாகத் திரும்பும்போது வரும் கிறீச்சொலி இந்தத் தேய்ப்பின் ஒலியே. அது சிறிதளவு எல்லாக் கார்களிலும் உண்டு, பழுதன்று.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். முன்னால் ஒரே சக்கரம் இருந்ததால் மேற்கண்ட கணக்கே அவருக்குத் தேவைப்படவில்லை. இரு முன்சக்கரங்களைத் தனித்தனி முளைகளில் திருப்பும் அமைப்பை அவர் 1893-இல்தான் தம் விக்டோரியா வண்டியில் கொண்டுவந்தார். அதிலிருந்து காரின் முன்பகுதி என்பது பல மூட்டுகளின் தொகுதியாயிற்று. மூட்டு என்றால் தேய்மானம். தேய்மானம் என்றால் ஓசை.

கைப்பிடி போய் சக்கரம் வந்தது

முதல் கார்களைத் திருப்ப, படகில் இருப்பது போன்ற ஒரு கைப்பிடித் தண்டே இருந்தது. வேகம் குறைவாக இருந்தவரை அது போதுமானதாயிருந்தது. சாலையில் ஒரு கல் இடறினால் அந்த அதிர்ச்சி அப்படியே கைக்கு வந்து தண்டைப் பிடுங்கிவிடும். 1894-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிசிலிருந்து ரூவன் நகருக்கு நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரெட் வஷெரோன் என்பவர் தம் பானார் காரில் கைப்பிடிக்குப் பதிலாக வட்டமான சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். சில ஆண்டுகளுக்குள் பானார் நிறுவனம் தன் கார்களில் அதையே பொருத்தத் தொடங்கியது.

சக்கரத்தோடு ஒரு கியரும் உள்ளே நுழைந்தது. கைச்சக்கரம் பல பாகை திரும்பினால் சாலைச் சக்கரம் சில பாகையே திரும்பும். அதனால் கைக்குப் பளு குறைந்தது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் இந்தக் கியர்கள் ஸ்டீயரிங் சக்கரத்துக்கு நேர் கீழே ஒரு சிறு பெட்டியில் இருந்தன. பிற கார்களில் தண்டின் அடிமுனையில் திருகுப்பல் கொண்ட ஸ்டீயரிங் பெட்டி இருந்தது. பின்னர் ஒரு சிறு பற்சக்கரம் நீண்ட பற்சட்டத்தை இடவலமாகத் தள்ளும் ரேக்-பினியன் அமைப்பு பரவியது. இன்றைய பெரும்பாலான கார்களில் இருப்பது இதுதான்.

இரண்டு பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் சிறு இடைவெளி இருந்தே தீரும். மெக்கானிக்குகள் இதைப் 'பிளே' என்பார்கள். தேயத் தேய அது கூடும். மேடு பள்ளத்தில் பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதி 'கடகட' என்று கேட்கும். ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும் திருகும் உண்டு. அதைச் சிறிது இறுக்கினால் ஓசை அடங்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டீயரிங் கனத்து, திரும்பிய பின் தானே நேராக வராது. ஓசையை மட்டும் அடக்கப் பார்த்து ஆபத்தை விலைக்கு வாங்கும் வேலை அது.

கிரீஸ் துப்பாக்கியின் காலம்

பழைய கார்களில் முன்சக்கரம் 'கிங் பின்' எனப்படும் தடித்த முளையில் திரும்பியது. இணைப்புத் தண்டுகளின் நுனிகளிலும் மூட்டுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் குறுகிய இடைவெளியில் கிரீஸ் வைக்க வேண்டும். துப்பாக்கியின் வாயைப் பொருத்தி அழுத்தினால் கிரீஸ் உள்ளே போகும்படியான சிறு குமிழ், அதாவது கிரீஸ் நிப்பிள், ஆஸ்கர் சர்க் என்பவர் பெயரால் 1929-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அதன் பின்னர் இந்த வேலை எளிதாயிற்று. ஆயினும் செய்ய மறந்தவர்கள் மறந்தே இருந்தார்கள்.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம் இது. இதன் முன்சக்கரங்கள் மிக அதிகக் கோணத்தில் திரும்பும். வெறும் 25 அடி வட்டத்தில் கார் முழுதும் திரும்பிவிடும் என்பதே டிரையம்ஃபின் பெருமையாக இருந்தது. அந்தத் திருப்பத்தைத் தாங்கிய கீழ் மூட்டு, மரை கொண்ட ஒரு பித்தளை வகை உறுப்பு. டிரையம்ஃபின் கையேடு அதற்குக் கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில் விடச் சொன்னது. மரையின் இடுக்குகளுக்குள் ஆயில் இறங்கும், கிரீஸ் இறங்காது என்பதே காரணம். ஆனால் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் துப்பாக்கியை எடுப்பதே பட்டறை வழக்கம். உள்ளே நீர் தங்கித் துரு ஏறி, ஸ்டீயரிங் இறுகி, திருப்பும்போது முனகத் தொடங்கும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் ஒரு நாள் மரைத் தண்டு ஒடிந்து முன்சக்கரம் மடங்கி விழும். பெரும்பாலும் இது மெதுவாகத் திரும்பும்போதே நடந்ததால் பலர் உயிர் தப்பினர்.

பிற்காலக் கார்களில் கிங் பின்னுக்குப் பதிலாகப் 'பால் ஜாயிண்ட்' வந்தது. கிண்ணத்துக்குள் சுழலும் குண்டு போன்ற மூட்டு. ஆயுள் முழுவதற்குமான கிரீஸ் உள்ளேயே வைத்து ரப்பர் உறையால் மூடப்பட்டது. உறை கிழியும்வரைதான் அந்த ஆயுள். நம் ஊர்த் தூசியும் மழைநீரும் உள்ளே புகுந்தால் சில மாதங்களில் மூட்டு வறண்டு, நின்ற இடத்தில் திருப்பும்போது பழைய கதவு திறப்பது போல 'கிர்ர்' என்று கேட்கும். அடுத்த கட்டத்தில் பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று தட்டும். முதல் ஓசை எச்சரிக்கை, இரண்டாவது ஓசை கெடு முடிந்ததைச் சொல்வது. டை ராடு நுனி கழன்றால் அந்தப் பக்கச் சக்கரம் ஓட்டுநரின் கைக்குக் கட்டுப்படாது. ஸ்டீயரிங் ஓசைகளுள் இதைப் போல் உடனே கவனிக்க வேண்டியது வேறில்லை. இந்த உறுப்புகளைப் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் செய்வதும் கட்டாயம்.

டேவிஸின் பம்பு

ஃபிரான்சிஸ் டேவிஸ் அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவுப் பொறியாளராக இருந்தவர். கனத்த லாரிகளின் ஸ்டீயரிங்கோடு ஓட்டுநர்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்த அவர், வேலையை விட்டுவிட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ஒரு சிறு பட்டறையில் ஆயில் அழுத்தத்தால் உதவும் ஸ்டீயரிங்கை உருவாக்க முனைந்தார். அழுத்தத்தை எந்நேரமும் தேக்கி வைத்தால் எங்காவது ஒழுகும். இதற்கு அவர் கண்ட விடை நேர் எதிரானது. வால்வு எப்போதும் திறந்தே இருக்கும்; ஆயில் தடையின்றிச் சுற்றிவரும்; கை சக்கரத்தைத் திருப்பினால் மட்டும் வால்வு குறுகி அழுத்தம் ஏறும். 1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு சில ஆண்டுகள் உழைத்தது. பொருளாதார மந்தம் வந்ததும் செலவுக்கு அஞ்சி 1934-இல் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கனத்த இராணுவ வண்டிகளுக்கு அதே அமைப்பு தேவைப்பட்டது. கடைசியில் 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் பொதுமக்களுக்கு அது கிடைத்தது. டேவிஸின் முக்கியக் காப்புரிமைகளுக்கு அதற்குள் காலம் கடந்திருந்தது. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்சும் தன் கார்களில் பவர் ஸ்டீயரிங் கொடுத்தது.

டேவிஸின் திறந்த வால்வு, பவர் ஸ்டீயரிங் ஓசையின் திறவுகோலும் ஆகும். நேராகப் போகும்போது பம்புக்குப் பளு இல்லை, திருப்பும்போதுதான் பளு. ஆகவே 'ஊய்ங்' என்ற முனகல் திருப்பும்போது மட்டும் எழுந்து, நேரானதும் அடங்கினால் சந்தேகம் முதலில் பம்பின் மேலும் ஆயிலின் மேலும் விழ வேண்டும். ஆயில் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஆயில் நுரைக்கும், நுரையை அழுத்தும்போது முனகல் கூடும், உயவு இல்லாமல் பம்பின் உட்தகடுகள் தேயும். இஞ்சினை நிறுத்தி ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால் அளவும் நுரையும் தெரியும். மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதையே விட வேண்டும். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுவது பெருந்தவறு. ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஆயில் ஆவியாவதில்லை, எனவே குறைந்தது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையை அமுக்கிப் பார்த்து, உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது என்று அறியலாம்.

காற்றை வெளியேற்றும் முறை எளிது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, ஸ்டாண்டு கொடுத்து, இஞ்சினை ஓட விடாமல் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பல முறை மெதுவாகத் திருப்ப வேண்டும். குமிழிகள் வருவது நின்றதும் ஆயிலை நிரப்பி, பிறகே இஞ்சினை இயக்கிப் பார்க்க வேண்டும்.

திருப்பத் தொடங்கியதும் 'கீச்' என்று கூவினால் அது பம்பை இழுக்கும் பெல்ட் வழுக்குவது. கடைசிவரை திருப்பிப் பிடித்தால் வரும் 'உஸ்ஸ்' என்ற ஒலி, போக இடமில்லாத ஆயில் பாதுகாப்பு வால்வு வழியே திரும்புவதால் எழுவது. அது பழுதில்லை. ஆனால் அப்படிச் சில நொடிகளுக்கு மேல் பிடித்தால் ஆயில் விரைவில் சூடேறும். வண்டியை நிறுத்தும் இடத்தில் இதைப் பழக்கமாகச் செய்பவர்கள் பம்பின் ஆயுளைத் தாங்களே குறைக்கிறார்கள்.

பவர் ஸ்டீயரிங்கின் வசதிக்கு ஒரு விலையும் உண்டு. இறுகிய மூட்டையும் ஆயிலின் விசை திருப்பிவிடும். ஹெரால்டு ஓட்டியவரின் கைக்குத் தெரிந்த கனம் இங்கே தெரியாது. காதுக்குக் கேட்பது மட்டுமே மிச்சம்.

மார்புக்கு எதிரே நின்ற தண்டு

1960-கள் வரை பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீளமான இரும்புக் கம்பி. நேருக்கு நேர் மோதலில் அது ஓட்டுநரின் மார்பை நோக்கி வந்தது. மோதலில் உள்ளே மடங்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 கார்களில் பொருத்தியது. 1968 முதல் அமெரிக்க அரசின் விதிகளே இத்தகைய பாதுகாப்பைக் கட்டாயமாக்கின. இதனால் ஒரே கம்பி, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் துண்டுகளாகவும் குறுக்கு மூட்டுகளாகவும் பிரிந்தது. அந்த வழுக்குமிடம் வறண்டால் மெதுவாகத் திருப்பும்போது கையிலேயே 'டக்' என்று ஒரு தட்டு உணரப்படும். சில கார்களில் கிரீஸ் வைத்தால் போதும். சிலவற்றில் அந்த இடைத்தண்டையே மாற்ற வேண்டும்.

1980-களில் மெர்சிடிஸ் கார்கள் தொடங்கி ஏர் பேக் ஸ்டீயரிங் சக்கரத்துக்குள்ளேயே குடிபுகுந்தது. சக்கரம் சுழன்றாலும் அறுபடாமல் மின்சாரம் போக, கடிகார ஸ்பிரிங் போலச் சுருட்டிய பட்டைக் கம்பி ஒன்று பின்னால் வைக்கப்பட்டது. அது கிழியத் தொடங்கினால் காகிதம் கசங்குவது போலச் 'சரசர' என்று கேட்கும். கூடவே ஹாரன் அடிக்காமல் போகலாம், ஏர் பேக் விளக்கு எரியலாம். இது சிறிய ஓசைதான். ஆனால் இதை வீட்டில் கழற்றிப் பார்ப்பது கூடாது. பேட்டரி இணைப்பை எடுத்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே பயிற்சி பெற்றவர் தொட வேண்டும். இல்லையேல் ஏர் பேக் முகத்தில் வெடிக்கக்கூடும்.

ஸ்டீயரிங்மேல் விழும் வீண்பழி

1959-இல் வந்த பிரிட்டனின் மினியும் 1983-இல் வந்த மாருதி 800-உம் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்கள். திரும்பும் சக்கரத்துக்கே விசையும் போக வேண்டியிருப்பதால், குண்டுகள் கொண்ட சிறப்பு மூட்டு ஒன்று அச்சில் உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறினால், முழுதும் திருப்பிக்கொண்டு நகரும்போது 'டக்டக்டக்' என்று சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்ப ஒலிக்கும். பின்சக்கர இழுவை கொண்ட அம்பாசடரில் இந்த ஓசைக்கே இடமில்லை. அதில் பழகிய கை, புதிய காரில் இதைக் கேட்டதும் ஸ்டீயரிங் பெட்டியைப் பிரிக்கப் போனதில் வியப்பில்லை. வண்டி நின்றிருக்கையில் திருப்பிப் பார்த்தால் இந்த ஓசை வராது, அதுவே அடையாளம். ஷாக் அப்சார்பரின் உச்சியில் உள்ள பேரிங் கெட்டால் இதற்கு மாறாக, நின்ற இடத்தில் திருப்பும்போதே ஸ்பிரிங் துள்ளி 'டொய்ங்' என்று கேட்கும்.

தேடும் முறை

ஒலிக்குறிப்புச் சொற்களில் தமிழ் வளமானது. இலக்கண வகுப்பில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்தவை இங்கே பயன்படும். 'ஏதோ சத்தம் வருது' என்று மெக்கானிக்கிடம் சொல்வதைவிட, கடகடவா, நறநறவா, சரசரவா என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நின்றபோதா, ஓடும்போதா, பள்ளத்திலா, முழுதும் திருப்பியா.

பம்பு உள்ள காரில் முதல் சோதனை, இஞ்சினை நிறுத்திச் சாவியைத் திறந்த நிலையில் வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்புவது. ஓசை மறைந்தால் பம்பு, பெல்ட், ஆயில் ஆகியவற்றில் தேட வேண்டும். மறையாவிட்டால் மூட்டுகளிலும் தண்டிலும். அடுத்து இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து சக்கரத்தைச் சிறிதே இடமும் வலமும் அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டில் விரலுக்கே தட்டு தெரியும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை உறுப்பில் வைத்து, பிடியைக் காதருகே கொண்டுபோய்க் கேட்கும் பழைய பட்டறை வித்தை பம்பு பேரிங்கை அறிய இன்றும் உதவும். சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே அதைச் செய்யும்போது சட்டைக்கை, துண்டு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

மோட்டார் வந்த பின்

1988-இல் ஜப்பானின் சுஸுகி செர்வோ என்ற சிறு காரில் ஆயில் பம்புக்குப் பதிலாக மின்மோட்டார் உதவும் ஸ்டீயரிங் வந்தது. இப்போது இந்தியச் சிறு கார்களில் பெரும்பாலும் இதுவே. பம்பும் பெல்ட்டும் ஆயிலும் இல்லாததால் அவற்றின் ஓசைகளும் மறைந்தன. மோட்டார் டாஷ்போர்டுக்குக் கீழே தண்டோடு பொருந்தியிருக்கும் கார்களில் அதன் மெல்லிய ரீங்காரம் கேட்கும், அது இயல்பே. மோட்டாரின் திருகுப்பல் தேய்ந்தால் கரடான சாலையில் முழங்காலுக்கு மேலே 'டகடக' என்று ஒலிக்கும். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அதே 'பிளே' வேறோர் இடத்தில் மீண்டும் வந்திருக்கிறது.

இதன் பெரிய பழுதுகளுக்கோ ஓசையே இல்லை. மின் உதவி திடீரென நின்றுபோகும் குறைக்காக 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 13 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அப்போதும் காரைத் திருப்ப முடியும், குறைந்த வேகத்தில் மிகவும் கனக்கும். முன்கூட்டித் தட்டவோ முனகவோ எதுவும் இல்லை; டாஷ்போர்டில் எரியும் ஸ்டீயரிங் படம் ஒன்றே அறிகுறி. அந்த விளக்கு எரிந்தால் அதைப் பால் ஜாயிண்டின் 'டக்' ஒலிக்கு நிகராகக் கொள்ள வேண்டும்.

2013-இல் வந்த இன்ஃபினிட்டி க்யூ50 காரில் கைச்சக்கரத்தின் அசைவு மின்குறியாகவே ரேக்குக்குப் போகிறது. சாலையின் அதிர்வும் மூட்டின் தட்டும் கைக்கு வருவதில்லை. ஆயினும் பழைய ஸ்டீயரிங் தண்டை அதன் பொறியாளர்கள் அகற்றிவிடவில்லை. மின்னமைப்பு தவறினால் ஒரு கிளட்ச் பொருந்தி, அந்தத் தண்டே மீண்டும் சக்கரங்களைத் திருப்பும்.